பாறையில் அறைந்த ஆணி யாருடையது?

2012 ஜனவரி மாதம். ஆர்ஜென்டீனாவின் தென்கோடியில், பட்டகோனியாப் பிரதேசத்தில் உள்ள எல் சால்ட்டேன் என்ற சின்ன ஊருக்கு இரண்டு இளைஞர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருவர் அமெரிக்கரான ஹேடன் கென்னடி. மற்றவர் கனடாவைச் சேர்ந்த ஜேசன் குரூக். ஊரவர்கள் கோபத்தோடு கூடிவிட்டார்கள். பொலிசார் வந்து இருவரையும் சில மணித்தியாலங்கள் தடுத்து வைத்தார்கள். அவர்களிடமிருந்து கைப்பற்றப்பட்டது களவெடுத்த நகையுமல்ல, போதைப்பொருளுமல்ல. பழைய இரும்பு ஆணிகள்.

செர்ரோ டொரே என்ற செங்குத்தான மலையில் நாற்பது வருடங்களுக்கு மேலாக இருந்த ஆணிகளில் சுமார் 120ஐ அவர்கள் இறங்கும் வழியில் பிடுங்கியிருந்தார்கள். அந்த ஆணிகளை அறைந்தவர் அப்போது இத்தாலியில் உயிரோடு இருந்தார். உலகம் முழுவதும் மலையேறுபவர்கள் இரண்டு பட்டார்கள். ஒரு சாரார் "மலையைச் சுத்தப்படுத்திய வீரர்கள்" என்றார்கள். மற்றச் சாரார் "யாரைக் கேட்டுச் செய்தார்கள்?" என்று கொதித்தார்கள்.

இரும்புத் துண்டுகளுக்கு இவ்வளவு சண்டையா என்று எமக்குத் தோன்றலாம். ஆனால் இது ஆணியைப் பற்றிய சண்டை மட்டுமல்ல. பொதுவான ஒன்றில் ஒருவர் செய்யும் மாற்றம், அவருக்குப் பின்னால் வரும் எல்லோரையும் எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதைப் பற்றியது. அதனால்தான் இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பதிவு நீளமானது. பொறுமையாக வாசியுங்கள்.

*

முதலில் எமக்குத் தெரிந்த மலையிலிருந்தே தொடங்குவோம்.

1344ஆம் ஆண்டு இப்னு பதூதா மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பல்லக்கும் ஆட்களும் கொடுத்துப் பாவா ஆதம் மலைக்கு அனுப்பிவைத்தார் என்பது நாம் படித்த கதைதான். ஆனால் அவரது பயணக் குறிப்பில் உள்ள ஒரு விடயத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. முன்னோர்கள் அந்த மலையில் படிகள் வெட்டி, பாறையில் இரும்பு முளைகளை அறைந்து, ஏறுபவர்கள் பிடித்துக்கொள்வதற்காகச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமாவை மொழிவாராம். அதனால் அந்தப் பெயர்.

அந்தச் சங்கிலியை யாரும் குறை சொல்லவில்லை. ஏன்? அங்கே ஏறுபவரின் நோக்கம் உச்சியில் உள்ள பாதச் சுவட்டை அடைவது. எப்படி ஏறினோம் என்பது கேள்வியே அல்ல. வயதானவரும் பெண்களும் பிள்ளைகளும் போய்ச்சேர வேண்டும். அப்படியான இடத்தில் சங்கிலி ஒரு தர்மம். வழியில் கிணறு வெட்டுவது போல.

அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலும் இதே போன்ற ஒரு சம்பவம் நடந்தது. அங்குள்ள ஹாஃப் டோம் என்ற பாறையில் மனிதன் ஒருபோதும் ஏற முடியாது என்று புவியியலாளர் ஒருவர் எழுதிவைத்திருந்தார். 1875இல் ஜோர்ஜ் அண்டர்சன் என்பவர் கையால் துளையிட்டு, இரும்பு ஆணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து, அவற்றின் மீதே கால் வைத்து உச்சிக்குப் போனார். 1919இல் அங்கே உருக்குக் கம்பி வடங்கள் போடப்பட்டன. இன்றும் மக்கள் அவற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் மலை ஒரு தடை. ஆணி அந்தத் தடையைத் தாண்டும் வழி. பிரச்சினை தொடங்கியது, மனிதர்கள் மலையை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியபோதுதான். உச்சி முக்கியமில்லை, ஏறும் விதமே முக்கியம் என்று சொன்னபோதுதான்.

*

இனி விளங்கிக்கொள்வதற்காக ஒரு சின்னப் பாடம்.

பாறை ஏறுபவர்கள் பெரும்பாலும் இருவராகப் போவார்கள். முதலாமவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுவார். மற்றவர் கீழே நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். முதலாமவர் ஏறும்போது வழியில் பாறை வெடிப்புகளில் எதையாவது செருகி, அதில் கயிற்றைக் கொளுவிக்கொண்டே போவார். அவர் விழுந்தால் கடைசியாகக் கொளுவிய இடம்தான் தாங்கும். அந்த இடத்துக்கு மேலே அவர் ஐந்து மீற்றர் போயிருந்தால், கீழே ஐந்து, மேலே ஐந்து என்று பத்து மீற்றராவது விழுவார்.

மரபுவழி ஏறுதலில் இப்படிச் செருகுபவை தற்காலிகமானவை. இரண்டாமவர் ஏறி வரும்போது எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வருவார். அடுத்து வருபவருக்குப் பாறை வெறும் பாறையாகவே இருக்கும். நிலையான பாதுகாப்பு என்பது வேறு. வெடிப்பே இல்லாத மொட்டைப் பாறையில் துளையிட்டு, போல்ட் ஆணியை இறுக்கி அப்படியே விட்டுவிடுவது. அடுத்து வருபவர் கயிற்றைக் கொளுவிக்கொண்டு போனால் போதும்.

முதலாவது முறையில் எங்கே எதைச் செருகுவது, அது தாங்குமா தாங்காதா என்று ஒவ்வொரு நிமிடமும் நீங்களே தீர்மானிக்க வேண்டும். பிழைத்தால் உயிர் போகலாம். இரண்டாவதில் அந்தத் தீர்மானத்தை வேறு ஒருவர் உங்களுக்காக ஏற்கனவே எடுத்துவிட்டார். எல்லா வாதங்களும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

*

வாதத்தை எழுத்தில் முதலில் பெரிதாகக் கிளப்பியவர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த பவுல் புரொய்ஸ். 1886இல் பிறந்தவர். 1911இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை ஜேர்மன் மொழி பேசும் மலையேறிகள் மத்தியில் பெரிய புயலைக் கிளப்பியது. "ஆணிச் சண்டை" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அக்காலத்தில் ஹான்ஸ் ஃபீக்ட்ல் போன்றவர்கள் வெடிப்பில் அறையக்கூடிய நல்ல இரும்பு ஆப்புகளைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். கயிற்றைக் கொளுவும் கரபினர் வளையமும் அப்போதுதான் பாவனைக்கு வந்துகொண்டிருந்தது.

புரொய்ஸ் சொன்னதன் சாரம் இதுதான். நீங்கள் ஏறப்போகும் பாறைக்குச் சமமானவராக மட்டும் இருந்தால் போதாது, அதைவிட மேலானவராக இருக்க வேண்டும். எதில் பாதுகாப்பாக இறங்க முடியுமோ அதில் மட்டும் ஏற வேண்டும். ஆப்பு என்பது ஆபத்து வேளைக்கான கையிருப்பு. அதையே நம்பிப் புறப்படக் கூடாது. இதில் எம்மை அதிகம் சிந்திக்க வைப்பது, அவர் பாதுகாப்புக்கு எதிரானவர் அல்ல என்பது. பாதுகாப்புத்தான் உயர்ந்த கொள்கை என்று அவரும் சொன்னார். ஆனால் அந்தப் பாதுகாப்பு இரும்பிலிருந்து வரக் கூடாது, தன் தகுதியைச் சரியாக அளந்துகொள்வதிலிருந்து வர வேண்டும் என்றார்.

அவர் வாயால் மட்டும் சொன்னவரில்லை. அதே 1911இல் டொலமைட் மலைத்தொடரில் கம்பனீலே பாஸோவின் கிழக்கு முகத்தில், அதுவரை யாரும் ஏறாத வழியில், தனியாக, கயிறின்றி ஏறினார்.

மறு தரப்பும் இலேசானதல்ல. இத்தாலிய வழிகாட்டி டீட்டா பியாஸ், ஜேர்மனியின் ஹான்ஸ் டியூல்ஃபர் போன்ற அக்காலத்தின் மிகச் சிறந்த ஏறுநர்கள் ஆப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். சில ஆப்புகளால் ஒரு உயிர் தப்புமென்றால் அதை மறுப்பது வீண் பெருமையல்லவா என்பது அந்தத் தரப்பின் கேள்வி. 1913 ஒக்டோபரில் புரொய்ஸ் தனியாக ஏறும்போது விழுந்து இறந்தார். வயது 27. அவரது மரணத்தையே அவருக்கு எதிரான சாட்சியாகக் காட்டியவர்கள் உண்டு. ஆனால் ஒரு கொள்கையைச் சொன்னவர் இறந்துவிட்டார் என்பதால் அந்தக் கொள்கை பிழையாகிவிடாது, சரியாகியும் விடாது.

அதே காலத்தில் ஜேர்மனியின் சாக்சனிப் பகுதி மக்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். அங்குள்ள எல்பே நதிக்கரைப் பாறைகள் மென்மையான மணற்கல். ஆப்பு அறைந்தால் பாறையே உடைந்துபோகும். ருடோல்ஃப் ஃபேர்மான் தன்னுடைய வழிகாட்டி நூலில் ஏறுதலுக்கான விதிகளை எழுதிவைத்தார். முதன்முதலில் ஒரு பாதையில் ஏறுபவர் மிக அவசியமான இடங்களில் மாத்திரம் தடித்த இரும்பு வளையங்களை அறையலாம். பின்னால் வருபவர்கள் கூட்டக் கூடாது. மற்ற இடங்களில் முடிச்சுப் போட்ட கயிற்றுத் துண்டுகளை வெடிப்பில் செருகிச் சமாளிக்க வேண்டும். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அங்கே இந்த ஒழுங்கு பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. இரும்பை முற்றாகத் தடுக்கவுமில்லை, கட்டவிழ்த்து விடவுமில்லை. ஊரே கூடி ஏற்றுக்கொண்ட ஒரு நடுவழி.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சண்டை அமெரிக்காவுக்கு மாறியது.

யோசெமிட்டியில் எல் கெப்பிட்டான் என்றொரு பாறை. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கருங்கல் சுவர். வொரன் ஹார்டிங் என்பவரும் தோழர்களும் 1957, 1958 ஆண்டுகளில் மொத்தம் 45 நாட்கள் பாடுபட்டு அதை முதன்முதலாக ஏறினார்கள். போல்ட் ஆணிகள் மட்டும் சுமார் 125. அதே பள்ளத்தாக்கில் ரோயல் ரொபின்ஸ் என்ற இன்னொருவர் இருந்தார். அவர் 1961இல் இரண்டு நண்பர்களோடு அதே பாறையில் வேறொரு நீண்ட பாதையை வெறும் 13 போல்ட்களோடு முடித்தார். குறைவாக அறைவதுதான் திறமை என்பது அவரது கட்சி.

1970 நவம்பரில் ஹார்டிங், டீன் கோல்ட்வெல் என்பவரோடு சேர்ந்து இன்னொரு பாதையில் 27 நாட்கள் தொங்கி ஏறினார். இடையில் மீட்புக் குழு வந்தபோது வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் துளைத்த துளைகள் 300க்கும் மேல். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கொண்டாடின. ரொபின்ஸுக்கோ பொறுக்க முடியவில்லை. இப்படித் துளைத்துக்கொண்டே போனால் எந்தப் பாறையிலும் யாரும் ஏறலாமே, பிறகு எதற்கு ஏறுவது என்று நினைத்தார். 1971 தொடக்கத்தில் டொன் லோரியா என்பவரோடு அதே பாதையில் ஏறி, ஏற ஏற ஹார்டிங்கின் ஆணிகளை வெட்டி எறியத் தொடங்கினார்.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே எமக்கு மிகப் பிடித்த இடம். மேலே போகப் போக, ஹார்டிங் துளைக்காத இடங்களில் எவ்வளவு கடினமாக, எவ்வளவு திறமையாக ஏறியிருக்கிறார் என்பதை ரொபின்ஸ் தன் விரல்களாலேயே உணர்ந்தார். வெட்டுவதை நிறுத்திவிட்டார். மீதிப் பாதையில் அந்த ஆணிகளைத் தொடாமல் உச்சிக்குப் போனார்.

தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது இலேசு. பக்கத்தில் போய், மற்றவர் பட்ட கஷ்டத்தைத் தொட்டுப் பார்த்தபின் அதே தீர்ப்பைச் சொல்வது கஷ்டம். ஆசிரியர்களாகிய நாம் விடைத்தாள் திருத்தும்போதும் இதை மறக்கக் கூடாது.

அடுத்த வருடம், 1972இல், இவோன் ஷுயினார்ட்டும் டொம் ஃப்ரொஸ்ட்டும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். ஷுயினார்ட் இரும்பு ஆப்பு செய்து விற்பவர். அவரது வியாபாரத்தின் பெரும்பகுதி அதுதான். ஆனால் திரும்பத் திரும்ப அறைந்து கழற்றுவதால் யோசெமிட்டியின் வெடிப்புகள் சிதைந்து ஓட்டை ஓட்டையாகப் போவதை அவர்கள் கண்டார்கள். தங்கள் பொருட்களின் விலைப்பட்டியல் நூலிலேயே, ஆப்பைக் கைவிடுங்கள், கையால் செருகிக் கையால் கழற்றும் அலுமினிய நட்களுக்கு மாறுங்கள் என்று எழுதினார்கள். தன் சரக்கைத் தானே வாங்க வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நாம் எங்கே காண்போம்?

நட் என்ற அந்த யோசனைகூடப் பிரித்தானியாவின் சாதாரண ஏறுநர்களிடமிருந்து வந்தது. அவர்கள் ரயில் பாதை ஓரங்களில் கிடந்த இயந்திர நட்களைப் பொறுக்கி, உள்மரையை அராவி நீக்கி, கயிறு கோத்து வெடிப்பில் செருகினார்கள். அதற்கு முன் கூழாங்கற்களைச் செருகிப் பார்த்தவர்கள் அவர்கள். கொஞ்சக் காலத்திலேயே சுத்தியல் சத்தம் பெரும்பாலான பாறைகளில் ஓய்ந்தது.

*

இப்போது செர்ரோ டொரேக்கு வருவோம்.

உயரம் 3,128 மீற்றர்தான். எமது பேதுருதாலகாலையை விடச் சுமார் 600 மீற்றர் அதிகம், அவ்வளவே. ஆனால் ஊசி போன்ற கருங்கல் தூண். உச்சியில் காற்று கட்டிவைத்த பனிக்கட்டிக் குடை. ஓயாத புயல்.

1959இல் இத்தாலியரான செசாரே மயெஸ்ட்ரி, ஒஸ்திரியரான டோனி எக்கரோடு தான் இதன் உச்சியை அடைந்ததாகச் சொன்னார். இறங்கும்போது பனிச்சரிவில் எக்கர் இறந்துவிட்டார். படம்பிடித்த கமெராவும் அவரோடு போய்விட்டது. முதலில் உலகம் நம்பியது. பிறகு சந்தேகம் வளர்ந்தது. 2005இல் அந்தப் பக்கமாக ஏறிய எர்மானோ சால்வட்டேரா, ரொலாண்டோ கரிபொட்டி, அலெஸாண்ட்ரோ பெல்ட்ராமி ஆகிய மூவரும் கீழ்ப்பகுதிக்கு மேலே 1959இன் எந்தத் தடயமும் இல்லை என்றார்கள். இன்று பெரும்பாலானோர் அந்தக் கூற்றை ஏற்பதில்லை.

சந்தேகப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல 1970இல் மயெஸ்ட்ரி திரும்பி வந்தார். இம்முறை பெற்றோலில் இயங்கும் காற்றழுத்த இயந்திரம் ஒன்றையும் மலைமேல் இழுத்துக்கொண்டு வந்தார். அந்த இயந்திரத்தால் துளையிட்டுச் சுமார் 400 போல்ட்களை அறைந்தார். வெடிப்புகள் இருந்த இடங்களிலும் அவற்றை விட்டு விலகி மொட்டைப் பாறையில் ஏணிபோல ஆணி வரிசை அமைத்தார். உச்சிப் பனிக்குடைக்குக் கீழேயே நின்றுவிட்டார். அது மலையின் பகுதி அல்ல, என்றோ காற்று தள்ளிவிடும் பனிக்கட்டிதான் என்றார். இறங்கும்போது கடைசிப் பகுதி ஆணிகளைத் தானே உடைத்தார். இயந்திரத்தை அங்கேயே தொங்கவிட்டுப் போனார். "கொம்ப்ரஸர் பாதை" என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

ரைன்ஹோல்ட் மெஸ்னர் அந்தக் காலத்திலேயே, எங்கும் துளையிட்டு ஏறுவது "முடியாதது" என்ற ஒன்றையே கொலை செய்வதாகும் என்று எழுதியிருந்தார். அவரது வாதம் இலேசானது. இன்று எம்மால் முடியாததை நாளை எமது பிள்ளைகள் செய்யலாம். இன்றே நாம் அதில் ஆணி அறைந்தால் அவர்களின் வாய்ப்பை நாம் திருடிவிட்டோம். 1978இல் எவரெஸ்ட்டில் ஒட்சிசன் சிலிண்டர் இன்றி ஏறிக் காட்டியவர்களில் ஒருவர் அவர் என்பதால் இந்த வார்த்தைக்குக் கனம் அதிகம்.

1974இல் காசிமிரோ ஃபெராரியும் மூன்று தோழர்களும் மேற்குப் பக்கமாக உச்சியை அடைந்தார்கள். சந்தேகமற்ற முதல் ஏற்றம் அதுதான். ஆனால் மயெஸ்ட்ரியின் ஆணிப் பாதையோ, 1979இல் இரண்டு அமெரிக்கர்கள் அதை உச்சிவரை முடித்த பிறகு, அந்த மலையின் பிரபலமான வழியாகிவிட்டது. பல வழிகாட்டிகளும் ஏறுநர்களும் அதை நம்பினார்கள். அது ஊரின் ஒரு பகுதியானது.

2007இல் அதைப் பிடுங்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது எல் சால்ட்டேனில் சுமார் நாற்பது பேர் கூடிக் கதைத்தார்கள். பெரும்பான்மையினர் ஆணிகள் இருக்கட்டும் என்றார்கள். ஐந்து வருடங்களுக்குப் பிறகு கென்னடியும் குரூக்கும் மயெஸ்ட்ரியின் ஆணி வரிசைகளை நம்பாமல் அந்த முகட்டால் உச்சிக்கு ஏறி, இறங்கும்போது பிடுங்கினார்கள். முன்பு சொன்ன கோபத்துக்குக் காரணம் இந்தக் கூட்டம்தான். ஊர் கூடி எடுத்த முடிவை வெளியிலிருந்து வந்த இருவர் ஒரு நாளில் மாற்றிவிட்டார்கள்.

அவர்கள் பிடுங்கிச் சில நாட்களுக்குள்ளேயே இன்னொரு அதிசயம் நடந்தது. 21 வயது ஒஸ்திரிய இளைஞர் டேவிட் லாமா, பீட்டர் ஓர்ட்னரோடு அதே முகட்டில் ஏறினார். ஆணியை இழுத்து ஏறாமல், கயிற்றை விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கையாலும் காலாலும் பாறையைப் பிடித்தே லாமா உச்சிக்குப் போனார். இரண்டு வருடங்களுக்கு முன் இதே லாமாவின் படப்பிடிப்புக் குழு அதே மலையில் புதிய போல்ட்களை அறைந்து உலகத்திடம் ஏச்சு வாங்கியிருந்தது. மயெஸ்ட்ரி இயந்திரம் இல்லாமல் முடியாது என்று நினைத்த இடம் அது. 42 வருடங்களில் ஒரு இளைஞனின் விரல்களுக்கு முடிந்துவிட்டது. மெஸ்னர் சொன்னது கண்முன்னே நடந்தது.

*

அப்படியென்றால் பிடுங்கியவர்கள் சரியா?

அவசரப்பட வேண்டாம். தராசின் இரண்டு தட்டையும் பார்ப்போம்.

போல்ட் வேண்டும் என்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. உயிர் பெறுமதியானது. மரபுவழியில் ஏறுவதற்குப் பல வருடப் பயிற்சியும் விலையுயர்ந்த உபகரணங்களும் வேண்டும். போல்ட் போட்ட பாதைகளால்தான் இன்று சாதாரணத் தொழிலாளியும் மாணவியும் ஞாயிற்றுக்கிழமை பாறை ஏறிவிட்டு வீடு திரும்ப முடிகிறது. எல் கெப்பிட்டானில் ஹார்டிங் 45 நாட்கள் எடுத்த பாதையை 1993இல் லின் ஹில் என்ற பெண் ஆணியை இழுக்காமல் விரல் பலத்தாலேயே ஏறிமுடித்தார். ஆனால் அவரும் விழுந்தால் தாங்கப் பழைய நிலையான இரும்புகளில் கயிற்றைக் கொளுவித்தான் ஏறினார். யோசெமிட்டியின் சில வெடிப்புகளில் பழைய ஆப்புகள் உண்டாக்கிய ஓட்டைகளிலேயே இன்று விரல் நுழைத்து ஏறுகிறார்கள். வரலாறு வெள்ளைத் துணி போல் சுத்தமாக இருப்பதில்லை.

மறு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பயத்தை வென்று ஒருவர் ஏறிய பாதையில் பின்னால் வருபவர் ஆணி அறைந்தால், அந்தப் பாதையின் கேள்வியே மாறிவிடுகிறது. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் யாரோ பேனையால் விடையை எழுதிவைத்தால் எப்படி? எழுதியவர் உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் அடுத்த வருடம் அந்தப் புத்தகத்தைப் பெறும் பிள்ளைக்குத் தானாகச் செய்துபார்க்கும் வாய்ப்பு இல்லை. விடை வேண்டாம் என்றாலும் கண் அங்கேதான் போகும்.

ஒருமுறை அறைந்தால் போதும் என்பதும் பொய். தாய்லாந்தின் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் அறைந்த துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளே உப்புக்காற்றில் உள்ளுக்குள் வெடித்து, பார்வைக்கு நன்றாக இருந்தபடியே முறிந்துபோயின. பிறகு விலை கூடிய டைட்டேனியம் ஆணிகளைப் பசை வைத்து ஒட்டினார்கள். நிலையான பாதுகாப்பு என்பது நிலையான பொறுப்பு. அறைந்தவர் போய்விடுவார். அதை நம்பிக் கயிற்றைக் கொளுவுபவருக்கு அது எத்தனை வருடப் பழசு என்று தெரியாது.

அவுஸ்திரேலியாவின் உலுரு பாறையையும் நினைத்துப் பாருங்கள். 1964இல் சுற்றுலாப் பயணிகளுக்காக அங்கே சங்கிலி போட்டார்கள். அந்த மண்ணின் சொந்தக்காரர்களான அனாங்கு மக்களுக்கு அது புனிதமான இடம். ஏறாதீர்கள் என்று அவர்கள் பல காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சங்கிலி இருந்தும் அங்கே முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். 2019 ஒக்டோபர் 26ஆம் திகதியோடு ஏறுவது நிறுத்தப்பட்டு, சங்கிலியும் கழற்றப்பட்டது. எமது மலையில் தர்மமாக இருந்த அதே சங்கிலி, அங்கே அந்த மக்களின் வார்த்தையை மீறுவதாக இருந்தது. இரும்பு ஒன்றுதான். அது யாருடைய சம்மதத்தோடு தொங்குகிறது என்பதுதான் வேறு.

*

எனவே நாம் வந்துசேரும் இடம் இதுதான்.

ஆணி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த வழி யாருக்காக? அறையும் முன் யாரிடம் கேட்டார்கள்? நாளை இதைப் பராமரிப்பவர் யார்?

பாவா ஆதம் மலைச் சங்கிலி யாத்திரிகர் அனைவருக்குமானது. சாக்சனியின் வளையங்கள் ஊர் கூடி ஏற்ற ஒழுங்குக்குள் அடங்கியவை. மயெஸ்ட்ரியின் 400 ஆணிகள் ஒரு மனிதன் தன் மீதான சந்தேகத்துக்குப் பதில் சொல்வதற்காக அறைந்தவை. அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதனால் அது பிழை என்றே நாம் சொல்வோம். ஆனால் 2012இல் பிடுங்கியவர்களும் கேட்கவில்லை. கொள்கை அவர்கள் பக்கம் இருந்தது. ஊர் அவர்கள் பக்கம் இருக்கவில்லை. சரியான காரியத்தையும் மற்றவரை மதிக்காமல் செய்தால் அதில் பாதி கெட்டுவிடும். இன்னும் ஒன்று: ஆணியைப் பிடுங்கினாலும் துளை அங்கேயேதான் இருக்கும். பாறை ஆறாது.

பாறை எமக்கு முன்னும் இருந்தது, எமக்குப் பின்னும் இருக்கும். இடையில் அது எம் கையில் ஒரு அமானிதம். அமானிதத்தை வாங்கியவர் அதைப் பாவிக்கலாம், பூட்டிவைக்கத் தேவையில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது அடுத்தவருக்கு அதில் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

இது மலைக்கு மட்டுமான கதை அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. பள்ளிவாசல் பழைய கட்டடத்தை இடிக்கும்போதும், குளத்தை மண் போட்டு நிரப்பும்போதும், "எல்லோருடைய நன்மைக்கும்தான்" என்று சொல்லி ஒரு சிலர் முடிவெடுக்கும்போதும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எமது பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுப்போம்.

உங்கள் ஊரில் இப்படி அறைந்த ஆணி ஏதும் இருக்கிறதா? பிடுங்க வேண்டுமா, இருக்கட்டுமா? கருத்துகளில் எழுதுங்கள். ஏசாமல் கதைப்போம்.